சம்பந்தியிடம் கேட்ட பங்கு

பஸ்காரம்மா இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய மறுவருஷமே ஊர்க்காரர்கள் அவரை நகர மன்றத் தலைவி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவங்க, ஊரையும் சேர்த்துடுவாங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னதுதான் அவருக்காக நடந்த ஒரே பிரசாரம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த அவருடைய ஊரை எல்லோரும் இக்கரை என்பார்கள். வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தீயணைப்பு நிலையம், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டினால் அக்கரை. சந்தைக் கட்டடமும் மூன்று ஆலைகளும் நாலு மாடிக் கடைகளும் அங்கே. கடை இருக்கும் இடத்தில்தானே வரி இருக்கும்? அக்கரை நகர மன்றத்தில் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்தார்கள். இக்கரையில் மழை பெய்தால் கூட்டத்தை ஒழுகாத மூலைக்கு மாற்றினார்கள்.

தீயணைப்பு நிலையம் மட்டும் இக்கரைக்கு வந்ததற்குக் காரணம், நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே நிலம் சும்மா கிடந்தது என்பதுதான். ஒரு தீயணைப்பு வண்டி, இரண்டு ஆம்புலன்ஸ். இரண்டு ஊருக்கும் அதுவே கதி.

ஒருநாள் காலை நிலைய அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, அடுத்த மாசத்துல இருந்து ஒரு ஆம்புலன்ஸ் ஓடாது."

"என்ன ரிப்பேர்?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆள் இல்ல. நாலு பேர் வேலையை விட்டுட்டுப் போறாங்க. வேற ஊர்ல ஒன்றரை மடங்கு சம்பளமாம். போகாதேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

வருகிற அழைப்பு பத்தில் ஏழு அக்கரையிலிருந்து. அதற்கு அக்கரை மன்றம் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்து வந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்பு பேசி முடித்த தொகை. அன்றைக்கு அது நாலு பேர் சம்பளத்துக்கு ஆனது, இப்போது டயர் மாற்றத்தான் ஆகும் என்றார் அதிகாரி.

இக்கரை மன்றம் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தது. இனி மொத்தத் தொகை வேண்டாம். இரண்டு ஊரும் தத்தம் வரியில் நூற்றுக்கு மூன்று பங்கை ஒரு பொது நிதியில் போட வேண்டும். கடை அதிகம் உள்ள ஊர் அதிகம் போடும், கடை பெருகினால் பங்கும் தானாகப் பெருகும். ஒன்பது உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். அடுத்தவர் பையிலிருந்து அதிகம் வருகிற திட்டத்துக்குத் தலை எளிதாகவே ஆடும்.

"அக்கரையில யார் போய்க் கேக்கறது?" என்று பஸ்காரம்மா கேட்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கடிகாரக் கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். எந்தக் கூட்டத்திலும் முதல் குறுக்குக் கேள்வி அவருடையதுதான். "உங்களுக்கென்னம்மா, வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிடலாமே?"

அக்கரை நகர மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். பஸ்காரம்மாவின் சம்பந்தி. அவருடைய மகளைத்தான் பஸ்காரம்மாவின் மகன் மூன்று வருஷத்துக்கு முன்பு கட்டியிருந்தான்.

மற்றவர்களுக்கு அது சௌகரியம். பஸ்காரம்மாவுக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள். கல்யாணப் பேச்சின்போது டாக்டர், "உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லிட்டா நல்லது" என்று மென்று விழுங்கிக் கேட்டபோது, பஸ்காரம்மா இரண்டு வீட்டு ஆட்களும் கேட்கும்படி சொன்னார்: "பொண்ணை அனுப்புங்க, போதும். உங்ககிட்ட நான் எந்நாளும் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அதைச் சொன்னதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. புதுச்சேலையைத் தடவிப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தை அவ்வப்போது மனசில் தடவிப் பார்த்துக்கொள்வார். இப்போது அதே மனிதரிடம் போய்ப் பங்கு கேட்பதாவது?

கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுந்தார். மறுவாரம் உட்கார்ந்தார். வீட்டில் மருமகள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். மகன் வேலை நிமித்தம் வெளியூரில், வாரக்கடைசியில்தான் வருவான். மற்ற நாளெல்லாம் மாமியாரும் மருமகளும்தான். மருமகளுக்கு வங்கியில் வேலை. வார்த்தையையும் எண்ணித்தான் செலவழிப்பாள்.

"அத்தை, என் கல்யாணத்துக்கும் உங்க ஆம்புலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமா? உங்கப்பாதான் சம்பந்தம்."

"அப்பா அக்கரைத் தலைவர். நீங்க இக்கரைத் தலைவி. கேக்கறது ஊரு, கொடுக்கறது ஊரு. இதுல நான் எங்க வர்றேன்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் தெரிந்தவுடனே பேனா ஓடிவிடுமா? கடிதம் போய்ச் சேர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் நாலு பேரும் போயிருந்தார்கள். ஓர் ஆம்புலன்ஸ் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

பதில் வருவதற்குள் பஸ்காரம்மாவின் கடைவாய்ப் பல் பொறுமை இழந்தது. இரண்டு வாரமாகவே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த பல். சுற்று வட்டாரத்தில் பல் டாக்டர் ஒருவர்தான். 'பல்லுப் போனா சொல்லுப் போச்சு' என்பார்கள். இங்கே பல்லைக் காட்டப் போய்ச் சொல் போய்விடுமோ என்று பயந்தே தள்ளிப்போட்டிருந்தார். வலி ஜெயித்தது.

"வாயை நல்லாத் திறங்க சம்பந்தி" என்றார் டாக்டர். ஊசி போட்டார். பஞ்சு வைத்தார். எச்சிலை உறிஞ்சும் குழாயைக் கன்னத்தோரம் மாட்டினார். எல்லாம் மாட்டிய பிறகு, "உங்க கடிதம் வந்துச்சு" என்றார்.

"ம்."

"நிலையம் உங்க ஊர்ல இருக்கு. உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல வண்டி. அந்த வசதிக்கு என்ன கணக்கு? அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க."

"ங்ங்."

"அசையாதீங்க. எங்க ஊருன்னா பணம் கொட்டுதுன்னு நினைக்கறீங்க. சந்தைக் கட்டடத்துல பாதிக் கடை பூட்டிக் கிடக்கு. வெளிய விளக்குப் போட்டு வச்சிருக்கோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கூரை இந்த வருஷம் மாத்தியே ஆகணும். நூத்துக்கு மூணுன்னா கூரையில மூணு ஓடு இல்ல சம்பந்தி, பாதிக் கூரை."

பஸ்காரம்மாவிடம் பதில் இருந்தது. வாய்தான் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பயணிகள் அவரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் வாயில் பஞ்சை வைத்துவிட்டுச் சண்டை போட்டவர் இவர் ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க, இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது பிடிபட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

எழுந்தபோது பாதி முகம் மரத்திருந்தது. கைப்பையைத் திறந்தார்.

"சம்பந்தியோட பல்லுக்குக் காசா? உள்ள வைங்க."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்று சொல்லப் பார்த்தார். பாதி வார்த்தை உதட்டோரம் வழிந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பி, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு... தீயணைப்பு நிலையத்துக்கு வாங்க. ஒரு இடம் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் வந்தார். பஸ்காரம்மா தன் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு நிலைய வாசலிலிருந்து கிளம்பினார். ஆலை விடும் நேரம். பாலத்தின் மீது லாரிகளும் சைக்கிள்களும் பின்னிப் பிணைந்து கிடந்தன. பஸ்காரம்மா சந்து கிடைத்த இடமெல்லாம் காரை நுழைத்தார். டாக்டர் கதவுப் பிடியை விடவே இல்லை. சந்தையைச் சுற்றி, ஆலைச் சுவரை ஒட்டி, அக்கரையின் கடைசித் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வண்டி நின்றது. ஆலைத் தொழிலாளிகளின் நெருக்கமான வீடுகள். துணி காயப் போட்டிருந்த ஒரு பெண், காரிலிருந்து இறங்கிய தலைவரைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு, பாருங்க" என்றார் பஸ்காரம்மா.

"இருபத்து மூணு நிமிஷம்."

"சைரன் போட்டுட்டு வந்தா பதினஞ்சு. ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதுவும் வேற எங்கயாவது போயிருந்தா? இந்தத் தெருக்காரங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

இதோடு பேச்சு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"நான் பணம் கொடுத்தேன்னே வச்சுக்குங்க. அப்பவும் பதினஞ்சு தானே சம்பந்தி?"

பஸ்காரம்மா பாலம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"மூச்சுத் திணறிக்கிட்டுக் கிடக்கறவனுக்குப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டு வண்டி வந்து என்ன பிரயோஜனம்? பங்கு கேக்கறீங்க. சரி. பங்குன்னா வண்டியும் பங்குதான். ஒரு ஆம்புலன்ஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம், சந்தை முற்றத்துல நிக்கணும். அப்போ எங்க மன்றத்துல நான் பேசறேன்."

திரும்பி வரும்போதும் பாலம் நெரிசலாகத்தான் இருந்தது. பஸ்காரம்மாவுக்கு வழி தெரிந்த ரோடுகூடப் புதிதாக இருந்தது. பணம் வரும், ஆள் வருவார்கள், வண்டி ஓடும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் நிலையம் எப்போதும் இக்கரையில், இரண்டு ஆம்புலன்ஸும் இக்கரையில். அது மாறும் என்று அவர் யோசித்ததே இல்லை. அக்கரையிடம் பங்கு கேட்டவருக்கு, தன்னிடமும் பங்கு போட ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

மறுநாள் நிலைய அதிகாரியிடம் கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரெண்டு வருஷமா இதைச் சொல்லணும்னு இருந்தேம்மா" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நம்ம நிலையம், நம்ம நிலையம்னு எல்லாரும் பெருமையாப் பேசறீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

டாக்டரின் நிபந்தனையைப் பஸ்காரம்மா இக்கரை மன்றத்தில் வைத்த அன்றைக்குக் கூரை ஒழுகவில்லை. ஆனால் இடி இறங்கியது. கடிகாரக் கடைக்காரர் எழுந்து நின்று, நிதானமாகச் சொன்னார்: "கேக்கப் போனவங்க இருந்ததையும் கொடுத்துட்டு வந்திருக்காங்க. இது சம்பந்தி மரியாதையா, ஊர் மரியாதையா?"

பஸ்காரம்மா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "கொட்டகையில தார்ப்பாய் போர்த்தி நிக்கறதும் நம்ம வண்டிதான். அதை யாராவது எடுத்துட்டுப் போனாங்களா? நம்மகிட்டத்தான் பத்திரமா இருக்கு. யாருக்கு உபயோகம்? அது ஓடணும்னா ரெண்டு ஊர் பணம் வேணும். ரெண்டு ஊர் பணத்துல ஓடற வண்டி ஒரே ஊர்ல நிக்காது. நமக்குச் சில நிமிஷம் போகும். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஐந்துக்கு நாலு என்று தீர்மானம் தப்பிப் பிழைத்தது.

அக்கரை மன்றத்திலும் ஒன்பது பேர்தான். கூட்டம் தொடங்குமுன் டாக்டர் தன் மன்றச் செயலாளரிடம், நான் இதில் வாக்களிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் சம்பந்தப்பட்டால் விலகி நிற்க வேண்டும் என்று இருந்தது. சம்பந்தி என்ற சொல்லே அதில் இல்லை. "சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் யாரோ எவரோ சார்" என்றார் அவர்.

பார்வையாளர் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்தார் பஸ்காரம்மா. வாக்கெடுப்பு என்று அறிவித்ததும் டாக்டர் எழுந்தார், மேல்துண்டைச் சரி செய்துகொண்டார், கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். கைகள் உயர்ந்தன. நாலு. எதிர்த்து நாலு. சமமாக வந்தால் தீர்மானம் விழும் என்பது விதி. விழுந்தது.

நடைக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார்.

"எங்க போனீங்க?" என்றார் பஸ்காரம்மா.

"நாளைக்கு ஒருத்தன், சம்பந்திக்காகக் கை தூக்கினான்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

"சொல்லட்டுமே. சொன்னா என்ன தேய்ஞ்சா போயிடுவீங்க? உங்க பேரு இப்போ சுத்தமா இருக்கு. வண்டி ஷெட்டுல தூங்குது. அந்தத் தண்ணித் தொட்டித் தெருவுல போய் உங்க பேரைக் காட்டுங்க, யாருக்காவது மூச்சு வருதான்னு பாப்போம்."

டாக்டர் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? அந்தக் கடிதம் எழுத உங்களுக்கு ஏழு வாரம். நிலைய அதிகாரி சொன்னார். அந்த ஏழு வாரமும் வண்டி ஷெட்டுலதானே இருந்துச்சு? 'நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்'னு அன்னிக்குச் சொன்ன வார்த்தை கெட்டுடக் கூடாதுன்னுதானே?"

பஸ்காரம்மா சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து டாக்டரும் மறுமுனையில் உட்கார்ந்தார். உள்ளே அடுத்த தீர்மானம், நடைபாதைக் கல் மாற்றுவது பற்றி, ஒருமனதாக நிறைவேறிக்கொண்டிருந்தது.

வீட்டில் மருமகளிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லவங்களாத் தெரியணும்னு பாக்கறீங்க அத்தை. ரெண்டு பேரும் நல்லவங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

அப்பாவிடமும் அதையே போனில் சொல்லியிருப்பாள் போல. நாற்பது நாள் கழித்து டாக்டர் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை எழுந்து நின்றார், வெளியே போகவில்லை. "இக்கரைத் தலைவி எனக்குச் சம்பந்தி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் எழுதி வச்சுக்குங்க. தெரிஞ்சேதான் கை தூக்கறேன்" என்றார். சபையில் யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். ஐந்துக்கு நாலு.

இலவசமாக எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடக் கூரையை அந்த வருஷம் பாதிதான் மாற்றினார்கள், மீதிப் பாதிக்கு அடுத்த வருஷம் வரை தார்ப்பாய். சந்தையில் டாக்டருக்குச் 'சம்பந்தித் தலைவர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பல்வலிக்காரர்கள் சிலர் தூரத்து ஊருக்குப் பஸ் ஏறினார்கள். நிலையத்துக்கு ஐந்து பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். ஓர் ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சந்தை முற்றத்தில், புதிதாகப் போட்ட தகரக் கூரைக்குக் கீழே நின்றது.

எட்டு மாதம் கழித்து ரொட்டிக் கடைக்காரர் பஸ்காரம்மாவின் அலுவலகத்துக்கு வந்தார். இக்கரைக்காரர், பேச்சுக் குறைவு. அவர் மனைவி அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டார். இக்கரை ஆம்புலன்ஸ் அப்போது வேறு நோயாளியோடு போயிருந்தது. அக்கரையிலிருந்துதான் வண்டி பாலம் ஏறி வர வேண்டியிருந்தது. மனைவி பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

"முன்னெல்லாம் ரெண்டு வண்டியும் இங்கயே நிக்கும்போது எவ்வளவு நேரத்துல வந்திருக்கும்மா?" என்று கேட்டார்.

ஒப்பந்தம் இல்லையென்றால் இரண்டாவது வண்டி ஓடியே இருக்காது என்று சொல்லலாம். உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

"அஞ்சு நிமிஷம்" என்றார் பஸ்காரம்மா.

"அன்னிக்குப் பன்னெண்டு ஆச்சு. நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்." அவர் கையை மேசை மீது வைத்தார். விரல் இடுக்குகளில் மாவு. "அந்த ஏழு நிமிஷம் யாருக்குப் போச்சு?"

"அக்கரையில, தண்ணித் தொட்டித் தெருன்னு ஒண்ணு இருக்கு. அங்க முன்ன பதினஞ்சு. இப்போ ஆறு."

"எனக்கு அங்க யாரையும் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

ரொட்டிக் கடைக்காரர் விரலில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துவிட்டார். கோபமாக இருந்த மாதிரியும் இல்லை, சமாதானமான மாதிரியும் இல்லை. எழுந்தபோது, "விசாரிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

பஸ்காரம்மா நிலையத்துக்குப் போனார். பெயர்களைச் சொல்லக் கூடாது, எண்ணிக்கை சொல்லலாம் என்றார் அதிகாரி. பேரேட்டில் விரலை ஓட்டி, இந்த எட்டு மாதத்தில் தண்ணீர்த் தொட்டித் தெருவிலிருந்து ஆம்புலன்ஸில் ஏறியவர்களை எண்ணிச் சொன்னார்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் வரிசை நீளமாக இருந்தது. பஸ்காரம்மா வரிசையிலேயே நின்றார். முறை வந்ததும், "ஒன்பது பேர்" என்றார்.

ரொட்டிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒன்பதா? எத்தனை பேர் பிழைச்சாங்க?"

"எட்டு."

அவர் தலையை அசைத்தார். எட்டை ஏற்றுக்கொண்டாரா, ஒன்பதாவது ஆளை நினைத்துக்கொண்டாரா என்று பஸ்காரம்மாவால் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு ரொட்டியை எடுத்துத் தாளில் சுற்றினார். "அவளுக்குக் கை இன்னும் மூணு மாசத்துல வந்துடும்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றார்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

"வாங்க. அவளுக்கும் பேச ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு, பஸ்காரம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றார்.